சுவரில் இல்லாத வாசல்

அத்தியாயம் 17

வெள்ளிக்கிழமை ராத்திரி மாப்பிள்ளை பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். அந்தத் தட்டை அம்மா ஒரு மணி நேரம் மூடி வைத்திருந்துவிட்டு, மனசே இல்லாமல் கழுவிக் கவிழ்த்தாள். மாப்பிள்ளை திரும்பவில்லை. 'அவசரமா வெளியூர் வேலை. ஞாயிறு ராத்திரி வருவேன்' என்று பெரியவளுக்கு ஒரு குறுஞ்செய்தி மட்டும் வந்து சேர்ந்தது.

அப்படி எழுந்து போகும்படி மச்சினன் மொட்டை ஒன்றும் கேட்டுவிடவில்லை. "மாமா, கிடங்குல மெயின் லைன் போனா பேக்கப் லைன் தானா டயல் பண்ணும்னு சொன்னீங்கல்ல? போன மாசம் ரெண்டு வாட்டி மெயின் போச்சு. காவல் அறையில ஒரு ஈ காக்காவுக்குக்கூடத் தெரியலை. ஒருநாள் மெயினைக் கழட்டிட்டுப் பாத்துடலாமா? திங்கக்கிழமை மேனேஜர்கிட்ட எழுதிக் குடுக்கலாம்னு இருக்கேன்" என்றான். அவ்வளவுதான்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்கு வீட்டைப் பற்றி நான்கு வரி. பெரியவள் நெட்வொர்க் இன்ஜினீயர். ஊருக்கு வெளியே தள்ளித் தள்ளி இருக்கும் நான்கு குளிர்பதனக் கிடங்குகளின் கணினித் தொடர்பு அவள் அலுவலகத்தின் பொறுப்பு. மாப்பிள்ளை அவள் கணவர். அதே அலுவலகத்தில் அவளுக்கு மேலே இருந்தவர், மூன்று மாதமாகத் தனியாகத் தொழில் பார்க்கிறார். அவர் இருப்பது மாமியார் வீட்டில்தான். பெரியவளின் தம்பி அந்த நான்கில் முதல் கிடங்கில் இயந்திரம் பார்க்கிறான். இருபத்தேழு வயது, தலைகொள்ளாத முடி. பத்து வயதில் பேன் தொல்லை தாங்காமல் அம்மா ஒருமுறை மழித்துவிட்டதற்கு ஆயுள் தண்டனையாக மொட்டை என்ற பெயர் அவனோடு ஒட்டிக்கொண்டது. அப்பா இல்லை. அம்மா இருப்பதால்தான் அது வீடாக இருக்கிறது.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

*

விடுமுறை நாள் பணிக்குப் பெரியவள் ஏழரைக்கே கிளம்பிவிட்டாள். அலுவலகத்தில் வேறு யாரும் இல்லை. சுவரில் இருந்த பெரிய ஸ்கிரீனில் நான்கு வட்டங்கள், கிடங்குக்கு ஒன்று. பச்சையாக இருந்தால் மெயின் லைன் ஓடுகிறது. மஞ்சள் என்றால் மெயின் படுத்துவிட்டது, பேக்கப் ஓடுகிறது. சிவப்பு என்றால் இரண்டும் இல்லை.

பத்து நாற்பதுக்கு முதல் வட்டம் சிவப்பானது.

அவள் பதறவில்லை. பிளாஸ்கிலிருந்து தேநீரை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். போன மாதம் இரண்டு முறையும் இப்படித்தான் சிவப்பு வந்தது. இரண்டு நிமிடத்துக்குள் மெயினே உயிர் பெற்றுப் பச்சையாகிவிட்டது. மஞ்சள் ஏன் வரவில்லை என்று அப்போதே அவள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. போட்டது கணவர். கணவர் போட்டதைச் சந்தேகப்பட்டால் வீட்டில் மூன்று நாள் பேச்சு இருக்காது.

இன்று இரண்டு நிமிடம் போயிற்று. ஐந்து போயிற்று. தேநீர் ஆறியது. வட்டம் சிவப்பாகவே இருந்தது.

அந்த பேக்கப் எப்படி வேலை செய்யும் என்று இங்கே சொல்லிவிட வேண்டும். ரவுட்டரின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தால் கேபிள் சொருகும் போர்ட்டுகள் வரிசையாக இருக்கும். ஆனால் பேக்கப்புக்கான போர்ட் அங்கே இருக்காது. அது மெய்நிகர் போர்ட், அதாவது சுவரில் இல்லாத வாசல். மெயின் லைன் செத்த நொடியில் ரவுட்டர் அதைத் தன் நினைவிலிருந்து உண்டாக்கும். அதோடு மோடத்தைக் கோத்து, எழுதி வைத்திருக்கும் எண்ணுக்குச் சாதாரண டெலிபோன் லைனில் டயல் செய்யும். மறுமுனையில் இன்னொரு மோடம் எடுத்தால் வட்டம் மஞ்சளாகும். எடுக்காவிட்டால் பதினைந்து நொடி பொறுத்து மறுபடியும் டயல் செய்யும். அதற்கு அலுப்பு கிடையாது. எழுதி வைத்த எண் சரியா தப்பா என்றும் அதற்குத் தெரியாது.

எழுத வேண்டிய எண் காவல் அறையின் எண். நகரத்தின் நடுவே இருக்கும் அந்த அறையிலிருந்துதான் நான்கு கிடங்குகளையும் கண்காணிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கிடங்குக்கு ஒரே ஒரு ஆள்தான். வெளி கேட்டைக்கூடக் காவல் அறையிலிருந்துதான் திறந்து மூடுவார்கள். அந்த ஒரு ஆளுக்கு ஏதாவது ஆனால் ஓடி வர அங்கே யாரும் கிடையாது.

இன்று முதல் கிடங்கில் அந்த ஒரு ஆள் மொட்டை.

*

மூன்றாம் குளிர் அறையில் வெப்பநிலை இரண்டு டிகிரி ஏறியிருந்தது. உள்ளே விசிறி சுற்றுகிறதா என்று எட்டிப் பார்க்கப் போனான் மொட்டை. ஒரு நிமிட வேலைதானே என்று கனத்த கோட்டை ஆணியிலேயே விட்டுவிட்டான். அந்த அறையில் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு டிகிரி.

விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அவன் திரும்பியபோது கதவு தானாகச் சாத்திக்கொண்டிருந்தது.

அது தானாகச் சாத்தும் கதவுதான், அதில் தப்பில்லை. உள்ளிருந்து தள்ளினால் திறக்க இரும்புத் தண்டு ஒன்றும் உண்டு. ஆனால் கதவின் விளிம்பில் ஓடும் சூட்டுக் கம்பி மூன்று வாரமாக வேலை செய்யவில்லை. அதனால் கதவு திறந்தபோது விளிம்பில் படிந்த ஈரம் சாத்தியதும் பனியாகி, கதவு சட்டத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்தக் கம்பியைப் பற்றி அவன் இரண்டு முறை எழுதிக் கொடுத்தாயிற்று. தண்டைத் தள்ளினான், தோளால் இடித்தான், காலால் உதைத்தான். உடைத்துத் திறக்கக் கோடாரி ஒன்றும் இருந்தது. அதைக் கதவுக்கு வெளிப்பக்கம் மாட்டியிருந்தார்கள்.

செல்போனை எடுத்துப் பார்த்தான். தகரமும் ஒரு முழ நுரைப் பலகையுமாக இருக்கும் சுவரைத் தாண்டி எந்த சிக்னலும் உள்ளே வராது என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் பார்த்தான்.

கதவருகே முழங்கால் உயரத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. கீழே விழுந்து கிடப்பவனுக்கும் எட்ட வேண்டும் என்று அந்த உயரத்தில் வைப்பார்கள். உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால் அழுத்தும் பொத்தான். அழுத்தினால் மேலே சிறிய விளக்கு சிவப்பாக எரியும். காவல் அறையில் யாராவது பார்த்துவிட்டால் அது பச்சையாகும்.

பத்து ஐம்பதுக்கு அழுத்தினான். விளக்கு சிவப்பாக எரிந்தது.

"வந்துடுவாங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். "அக்கா பாத்துக்கற லைனு. மாமா மேல எனக்கு நம்பிக்கை இல்லாட்டியும் அக்கா சோதிச்சுப் பாத்துக் கையெழுத்து போட்டிருக்கா."

அட்டைப் பெட்டிகளைக் கிழித்து முதுகிலும் நெஞ்சிலும் செருகிக்கொண்டு, விசிறிக் காற்று படாத மூலையில் குதிக்க ஆரம்பித்தான். நூறு குதித்ததும் வந்து பொத்தானை அழுத்துவான். விளக்கைப் பார்ப்பான். மறுபடி போய்க் குதிப்பான்.

பதினொன்றேகாலுக்கு, நூறு குதித்த இடத்தில் அறுபதுதான் முடிந்தது. விளக்கு சிவப்பாகவே எரிந்துகொண்டிருந்தது.

*

அம்மா ஹாலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். டிவியில் ஒரு மருமகள் பத்து நிமிடமாக ஒரே கதவைத் திறக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். "திறந்து தொலையேண்டி" என்றாள் அம்மா.

பத்து நாற்பத்தொன்றுக்கு அலமாரி மேலிருந்த டெலிபோன் அடித்தது.

அந்த டெலிபோனை இப்போது யாரும் பயன்படுத்துவதில்லை. ஆளுக்கொரு செல்போன் வந்த பிறகு அதை எடுத்துவிடலாம் என்று பெரியவள் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இருக்கட்டும் என்று பிடிவாதமாக நின்றவர் மாப்பிள்ளை. ஆறு மாதமாக அதில் வருவதெல்லாம் ஒரே மாதிரி அழைப்புதான். எடுத்தால் மனுஷக் குரல் இருக்காது. விட்டுவிட்டு ஒரு கீச்சு, ஒரு மௌனம், மறுபடி ஒரு கீச்சு. மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை வரும். "உங்க கீச்சு போன் வந்துச்சு" என்று அம்மா சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள்.

வழக்கமாக அம்மா நாலைந்து ஹலோ சொல்லிப் பார்ப்பாள். "யாரு வேணும், சத்தமா பேசுங்க" என்று அந்தக் கீச்சிடமே விசாரித்ததும் உண்டு. இன்று ஒரே ஒரு ஹலோதான் சொன்னாள். கீச்சு கேட்டது. ரிசீவரை அதன் இடத்தில் வைக்காமல் சோபாவில் கிடத்தினாள். அது ஊளையிட ஆரம்பித்ததும் மேலே ஒரு தலையணையை வைத்து அமுக்கினாள்.

வீடு அமைதியானது. அம்மா கீரைக்குத் திரும்பினாள். டிவியில் மருமகள் இன்னும் கதவைத் திறக்கவில்லை.

*

பெரியவள் முதலில் கணவரை அழைத்தாள். சுவிட்ச் ஆஃப். தம்பியை அழைத்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. இயந்திரக் கூடத்துச் சத்தத்தில் எங்கேயாவது நிற்பான் என்று நினைத்துக்கொண்டாள். பத்து நிமிடம் கழித்து மறுபடி அழைத்தாள். அதே பதில்.

காவல் அறையை அழைத்தாள்.

"முதல் கிடங்கு உங்க ஸ்கிரீன்ல தெரியுதாங்க?"

"தெரியலை மேடம். பத்து நாப்பதுல இருந்து ஒன்னுமே இல்லை" என்றாள் அங்கே பணியில் இருந்த பெண். "உங்களுக்குத்தான் போன் பண்ணலாம்னு இருந்தேன்."

"பேக்கப் டயல் ஆகி உங்க மோடத்துக்கு வந்திருக்கணுமே."

"அந்த மூலையில இருக்கே, சின்னப் பெட்டி, அதுவா மேடம்? அது பச்சை விளக்கு எரிஞ்சுக்கிட்டு சும்மாதான் இருக்கு. லைன் வந்தே அஞ்சு மாசம்தான் ஆகுது. வந்ததுல இருந்து அதுக்கு ஒரு கால்கூட வந்ததில்லை."

"அஞ்சு மாசமா? ஆறு மாசத்துக்கு முன்னாடியே நாங்க சோதனை முடிச்சிட்டோமே."

"இல்லை மேடம். அப்போ எங்களுக்கு அந்த லைனே வரலையே."

அந்தச் சோதனை நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

அவர்கள் தொழிலில் ஒரு கட்டாயம் உண்டு. பேக்கப் லைன் போட்டால் மறுமுனைச் சோதனை செய்ய வேண்டும். கையெழுத்துப் போடுகிறவர் மறுமுனையில் இருப்பவரைத் தானே அழைத்து, வந்துவிட்டதா என்று காதால் கேட்ட பிறகுதான் தாளில் எழுத வேண்டும். அன்று அவள் கிடங்கில் இருந்தாள். கணவர் காவல் அறையில் இருப்பதாகச் சொன்னார். அவள் மெயினைக் கழற்றினாள். கணவர் செல்போனில் அழைத்து, "வந்துடுச்சு, அருமையா வருது" என்றார். நான்கு கிடங்குகளுக்கும் அதே வார்த்தைதான். நான்கு தாள்களிலும் அவள் கையெழுத்துப் போட்டாள். காவல் அறையை அவள் அழைக்கவில்லை. கட்டின புருஷன் அங்கே நிற்கும்போது வேறு யாரைக் கேட்பது என்று அன்று தோன்றியது.

*

மெயின் லைன் இல்லாத ரவுட்டருக்குள் அலுவலகத்திலிருந்தே நுழைய ஒரு வழிதான் இருந்தது. கிடங்கின் டெலிபோன் எண்ணுக்கு இவள் மோடத்திலிருந்து டயல் செய்ய வேண்டும். ரவுட்டர் சும்மா இருந்தால் எடுக்கும், பாஸ்வேர்டு கேட்கும், உள்ளே விடும்.

டயல் செய்தாள். பிஸி.

மறுபடி செய்தாள். பிஸி.

ரவுட்டர் யாரையோ அழைத்துக்கொண்டே இருந்தது. அழைப்புக்கு அழைப்பு பதினைந்து நொடி இடைவெளி உண்டு. அந்தப் பதினைந்து நொடிக்குள் இவளுடைய அழைப்பு போய் விழ வேண்டும். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தாள். பிஸி. பிஸி. எட்டாவது தடவை மணி போனது, ஆனால் மோடம் எடுப்பதற்குள் அறுந்தது. கடவுளையும் கணவரையும் ஒரே மூச்சில் திட்டினாள்.

பதினோராவது தடவை ரவுட்டர் எடுத்தது. மணி பதினொன்று இருபத்தொன்று.

உள்ளே போனதும் பேக்கப் போர்ட்டின் குறிப்பைத் திறந்தாள். விவரம் எழுத வேண்டிய இடத்தில் கணவர் ஒரே வார்த்தை எழுதியிருந்தார்: தற்காலிகம். அதற்குக் கீழே, டயல் செய்ய வேண்டிய எண்.

அந்த எண்ணை அவள் வாசிக்கத் தேவையில்லை. பள்ளிக்கூடத்தில் காணாமல் போனால் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று ஆறு வயதில் அம்மா மனப்பாடம் செய்ய வைத்த எண் அது. வீட்டு ஹாலில், அலமாரி மேல் இருக்கும் டெலிபோன்.

சோதனை நாளில் கணவர் இருந்தது காவல் அறையில் இல்லை. வீட்டு ஹாலில், அந்த டெலிபோனில் ஒரு மோடத்தைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அருமையா வருது என்றது அங்கிருந்துதான். பிறகு எண்ணை மாற்றவே இல்லை. அம்மாவின் கீச்சு போனும் அதுதான். அதை நினைத்து அவளும் சிரித்திருக்கிறாள்.

கோபப்பட நேரம் இல்லை. அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. எச்சரிக்கைப் பெட்டியிலிருந்து வந்த செய்திகள்: முப்பத்தொன்று. வெளியே போனவை: பூஜ்யம்.

குளிர் அறைப் பொத்தான்கள் எல்லாம் வந்து சேரும் அந்தப் பெட்டி சும்மா இருக்கும்போது பத்து நிமிடத்துக்கு ஒரு செய்திதான் அனுப்பும். நாற்பது நிமிடத்தில் நான்கு வந்திருக்க வேண்டும். முப்பத்தொன்று வந்திருக்கிறது என்றால் உள்ளே யாரோ பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருக்கிறார்கள். இன்று உள்ளே ஒரே ஒருவன்தான்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது முப்பத்திரண்டானது.

செல்போனில் காவல் அறையைப் பிடித்தாள். "குளிர் அறைக்குள்ள ஆள் மாட்டியிருக்கான். வண்டி அனுப்புங்க."

"எந்த அறை மேடம்?"

"தெரியலை. என் தம்பிங்க அவன். அனுப்புங்க."

எதிர்முனைப் பெண் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "வண்டியைக் கிளப்பிட்டேன், பன்னெண்டு நிமிஷத்துல போயிடும். ஆனா மேடம், கேட் எங்க ஸ்கிரீன்ல இருந்துதான் திறக்கும். லைன் இல்லாம நான் எப்படித் திறக்க? உள்ள போனாலும் எட்டு அறை இருக்கு."

"உங்க மோடம் நம்பரைச் சொல்லுங்க. மெதுவா சொல்லுங்க."

சொன்னாள். பெரியவள் எழுதிக்கொண்டாள். பழைய எண்ணை அழித்தாள். வீட்டு எண்ணை இப்படி அழிக்க நேரும் என்று அவள் நினைத்ததில்லை. புதிய எண்ணைத் தட்டும்போது அவசரத்தில் ஒரு இலக்கம் இரண்டு முறை விழுந்தது. அழித்துவிட்டு மறுபடி தட்டினாள். இந்த எண் தப்பாகப் போனால் ரவுட்டர் தப்பான யாரையோ அழைக்க ஆரம்பித்துவிடும். அந்தப் பதினைந்து நொடியை மறுபடி பிடிக்க எத்தனை நேரமாகும் என்று யாருக்கும் தெரியாது. எழுதிய எண்ணை வாய்விட்டு வாசித்தாள். எதிர்முனைப் பெண் ஒவ்வொரு இலக்கத்துக்கும் "ஆமா" சொன்னாள்.

சேமித்தாள். தன் அழைப்பைத் துண்டித்தாள்.

இனி அவள் செய்வதற்கு ஒன்றும் இல்லை. ரவுட்டர் தானாக டயல் செய்ய வேண்டும். ஸ்கிரீனில் முதல் வட்டம் சிவப்பாக இருந்தது. அவள் கையெடுத்துக் கும்பிட்டபடி அதையே பார்த்தாள். இன்ஜினீயரிங் படித்தவள் ஒரு வட்டத்தைக் கும்பிடுகிறாள் என்று மொட்டை பார்த்தால் ஒரு மாதம் கேலி செய்திருப்பான்.

செல்போனில் அந்தப் பெண்ணின் குரல் வந்தது. "மேடம், இந்தப் பெட்டி என்னவோ கத்துது."

"கத்தட்டும். தொடாதீங்க."

வட்டம் மஞ்சளானது.

"வந்துடுச்சு மேடம். குளிர் அறை மூணு, உள்ளே ஆள். முதல் அழைப்பு பத்து அம்பதுக்கு." பிறகு தணிந்த குரலில், "கேட்டைத் திறந்துட்டேன். பச்சை அனுப்பிட்டேன். உங்க தம்பி விளக்கைப் பாப்பாரு" என்றாள்.

மணி பதினொன்று இருபத்தாறு.

*

வண்டி உள்ளே போனது, கோடாரி எடுத்தது, கதவை உடைத்தது எல்லாவற்றையும் பெரியவள் காதால் மட்டுமே கேட்டாள். காவல் அறைப் பெண் வண்டிக்காரர்களின் பேச்சை அப்படியே அவளுக்கு ஒப்பித்துக்கொண்டிருந்தாள். நடுவே கொஞ்ச நேரம் ஒப்பிக்காமல் இருந்தாள். அந்த நேரம் எவ்வளவு என்று பெரியவள் பிற்பாடு எத்தனை யோசித்தும் சொல்ல முடியவில்லை.

"உயிர் இருக்கு மேடம்" என்றாள் கடைசியில். "பொத்தானுக்குப் பக்கத்துலதான் கிடந்திருக்காரு. கை அதுமேலயே இருந்துச்சாம். பேச்சு குழறுது, ஆனா பேசறாரு. விரல் ரெண்டு மூணு வெளுத்து மரக்கட்டையா இருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறாங்க."

"என்ன பேசறான்?"

"அக்காவைத் திட்டாதீங்கன்னு சொல்றாராம்."

பெரியவள் மேஜையில் தலையை வைத்து அழுதாள். வாயைப் பொத்தவில்லை. கேட்க அங்கே யாரும் இல்லை.

எதிர்முனைப் பெண் காத்திருந்தாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள். "மேடம், நான் அறிக்கை எழுதணும். இந்த பேக்கப்பை டெஸ்ட் பண்ணது யாருன்னு ஒரு கட்டம் இருக்கு."

"நான்தான். என் கையெழுத்துதான். அப்படியே எழுதுங்க."

சொன்ன பிறகு நெஞ்சு கொஞ்சம் லேசானது. கணவர் செய்தது சோம்பேறித்தனம், அவசரம், பொய். எல்லாமே மன்னிக்க முடியாததுதான். ஆனால் அவருக்கு மறதி, இவளுக்கு அசட்டை, இரண்டும் சேர்ந்து தம்பியின் விரல்களைத் தின்றுவிட்டன. ராத்திரி வரட்டும், முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொள்கிறேன் என்று நினைத்தாள். அம்மாவிடம் முதலில் சொல்ல வேண்டும். அதுதான் இருப்பதிலேயே கஷ்டம்.

அம்மாவின் செல்போன் ஏழெட்டு முறை அடித்த பிறகுதான் எடுக்கப்பட்டது.

"ஏண்டி, சாப்பிட்டியா?"

"அம்மா, உக்காந்துக்கோ. தம்பிக்குக் கொஞ்சம் உடம்புக்கு முடியலை. ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்க. பேசறான், ஒன்னும் ஆகலை. நான் வந்து உன்னைக் கூட்டிட்டுப் போறேன்."

அம்மா கத்தவில்லை. "எங்க அடிபட்டுச்சு?" என்று மட்டும் கேட்டாள். கீரைத் தட்டு கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"அடி இல்லைம்மா. குளிர். உள்ள மாட்டிக்கிட்டான். அம்மா, இன்னிக்கு அந்தக் கீச்சு போன் வந்துச்சா?"

"வந்துச்சே. ஒரு வாட்டிதான் எடுத்தேன். அப்புறம் ரிசீவரைக் கீழ வச்சுட்டேன். ஏன், அதுக்கு என்ன இப்போ?"

அது கூப்பிட்டது உன் பிள்ளைதான்மா என்று பெரியவளுக்குச் சொல்ல வாய் வரவில்லை. இதை எப்போதும் சொல்லப் போவதில்லை என்று அந்த நிமிடமே முடிவு செய்துகொண்டாள்.

"எப்பவும் எடுத்து வச்சுடுவியேம்மா. இன்னிக்கு ஏன் கீழ வச்சே?"

"மாப்பிள்ளைதான் சொன்னாரு."

"எப்போ? வெள்ளிக்கிழமையா?"

"இல்லைடி, இன்னிக்குக் காலைல. நீ கிளம்பின கொஞ்ச நேரத்துல வந்தாரே, உனக்குத் தெரியாதா? காபிகூட வேணாம்னுட்டாரு. பரண்ல இருந்து ஒரு சின்னப் பெட்டியும் வயரும் எடுத்துப் பையில போட்டுக்கிட்டாரு. போறப்ப, 'அத்தை, இன்னிக்கு அந்தக் கீச்சு போன் நிறைய வாட்டி வரும், தொந்தரவா இருக்கும், முதல் தடவை அடிச்சதுமே எடுத்துக் கீழ போட்டுடுங்க'ன்னாரு. பாவம், என் தலைவலியை நினைச்சுச் சொன்னாரு."

பெரியவள் மெதுவாகக் கேட்டாள். "அப்போ மணி என்னம்மா?"

"எட்டரை இருக்கும்."

மெயின் லைன் போனது பத்து நாற்பதுக்கு. மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை, எப்போது என்று யாருக்கும் தெரியாமல் வரும் அந்த அழைப்பு இன்றைக்கு நிறைய வரும் என்று இரண்டு மணி நேரத்துக்கு முன்பே ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது. மறதி என்று ஐந்து நிமிடத்துக்கு முன் அவள் போட்ட கணக்கு தப்பு. மெயின் லைனைக் கழற்றப் போகிறவருக்குத்தான் அது முன்கூட்டித் தெரியும். இனிமேல் அந்த மனிதர் வரும் நேரம் பார்த்து வீட்டில் விளக்கேற்றி வைக்க முடியாது என்று தோன்றியது.

"பெரியவளே, லைன்ல இருக்கியா?" என்றாள் அம்மா. "ஆஸ்பத்திரியில இருந்து யாராவது இந்த போனுக்குப் பண்ணுவாங்களோ என்னவோ. ரிசீவரை எடுத்து வச்சுடறேன், சரியா?"

தலையணை விலகும் சத்தமும் ரிசீவர் அதன் இடத்தில் உட்காரும் சத்தமும் பெரியவளுக்குக் கேட்டன. முதல் கிடங்கில் எண்ணை மாற்றியாயிற்று. இனி அந்த டெலிபோன் அடிக்கக் காரணமே இல்லை.

அரை நிமிடம்கூட ஆகவில்லை. அம்மாவின் செல்போன் வழியாக, ஹாலில் டெலிபோன் மணி அடிப்பது கேட்டது.

"இருடி, ஆஸ்பத்திரியாத்தான் இருக்கும்" என்று அம்மா எடுத்தாள். ஒரு ஹலோ சொன்னாள். பிறகு ஏமாற்றத்தோடு, "அட, அதே கீச்சுதான்" என்றாள்.

பெரியவள் நிமிர்ந்து ஸ்கிரீனைப் பார்த்தாள். முதல் வட்டம் மஞ்சளாக இருந்தது. இரண்டாவது சிவப்பாகியிருந்தது. இரண்டாம் கிடங்கிலும் இன்று ஒரே ஒரு ஆள்தான். அந்தத் தாளிலும் அவள் கையெழுத்துதான் இருந்தது.

"என்னடி, இதையும் கீழ வச்சுடட்டுமா?" என்று கேட்டாள் அம்மா.